நாலு மணி முயல்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
18 செப்ரெம்பர் 2012

அன்பின் கிறேஸ், மகள் டிலோஜினி இருவருக்கும்,

நான் நலம். அப்படி எழுதாவிட்டால் கடிதம் தொடங்காது என்பதால் எழுதுகிறேன். இருமல் இருக்கிறது. ஆனால் அது எனக்கு மட்டும் உரியதல்ல. இந்த வீட்டில் இருக்கும் ஏழு பேருக்கும் பொது, குளியலறையைப் போல.

போன ஞாயிறு தொலைபேசியில் மகள் என்னோடு பேசியது இரண்டு சொல். "ஓம்." "இல்லை." என் கேள்விகளும் அதற்கு மேல் தகுதியானவையாக இருக்கவில்லை. "சாப்பிட்டியா?" "பள்ளிக்கூடம் போறியா?" ஆறு வருடமாக முகம் பார்க்காத தகப்பன் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரைப் போல விசாரித்தால் பிள்ளை வேறு என்ன சொல்லும்? மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தேன். என் குரல் அவளுக்கு யாரோ ஒருவருடைய குரல். ஆகவே வழக்கம் போலக் கடிதத்தில் கதை எழுதுகிறேன். கதைக்குக் குரல் தேவையில்லை. அதை நீர் வாசித்துக் காட்டுவீர்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இரவில் கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டுக் காலையில் படுத்தால் பின்னேரம் எழும்புவேன். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன தொலைக்காட்சியில், முதலாம் அலைவரிசையில், சிறுவர் நிகழ்ச்சி போகும். ஊரில் வாத்தியாராக இருந்தும் இந்த நாட்டு மந்திரிமாரின் ஆங்கிலம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்கிற ஆங்கிலம் பிடிபடுகிறது. "மாஸ்டர், நீங்க நல்ல ஆறு வயசுப் புள்ளைட இங்கிலிஷ் பேசுறீங்க" என்கிறான் என் அறைத்தோழன் சாஹுல் ஹமீட். எருக்கலம்பிட்டி ஆள். பாராட்டுகிறானா என்று நான் கேட்கவில்லை.

டிலோ, இந்தக் கிழமைக் கதை. கடற்கரைப் பட்டினத்தில் தபால் கந்தோர் வைத்திருக்கும் கம்பளி முயலை உனக்குத் தெரியும். அவருடைய ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையாதபடியால் சீவரத்தினம் என்று பெயர் வைத்தேன். எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரின் காதுகளை நினைத்து வைத்த பெயர். எல்லாரோடும் சண்டை பிடிக்கும் கோழிக்கு சிவபாக்கியம். இதை அவர்கள் இருவருக்கும் சொல்லவேண்டாம்.

புயல் அடித்துத் தபால் பை நனைந்துவிட்டது. முயல் கடிதங்களைக் கொடியில் காயப்போட்டார். காய்ந்த பிறகு பார்த்தால் விலாசங்கள் எல்லாம் கரைந்துபோயின. முயல் யோசித்தார். நீலச் சேட்டின் கையை மடித்துவிட்டார். பிறகு, யாருடைய முகம் அன்றைக்கு வாடியிருந்ததோ அவர்களுக்கு ஒவ்வொரு கடிதமாகக் கொடுத்துக்கொண்டு போனார். கோழிக்குக் கிடைத்தது வெளிச்சவீட்டுக்காரருக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து. அன்று முழுக்கக் கோழி யாரோடும் சண்டை பிடிக்கவில்லை.

கிறேஸ், நீர் கேட்ட விஷயம் அப்படியே இருக்கிறது. என் அகதி வழக்கைப் பற்றி வழக்கறிஞர் கடிதம் போட்டிருக்கிறார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அலெக்ஸாண்டர்


இலுப்பைக்கடவை
9 ஒக்ரோபர் 2012

அன்பின் டிலோவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். இங்கே இருமல் இல்லை, புழுதிதான். பெரிய றோட்டைப் போடுகிறார்கள்.

ஒரு பிழை நடந்துவிட்டது. நாலு மணிக்கு வாசலில் பெரிய பாயைப் போட்டால் இந்த வீட்டு வரிசையில் உள்ள பிள்ளைகள் எல்லாம் வந்து குந்திவிடும். நான் எழுந்து நின்று வாசிப்பேன். அத்தனை வாய் திறந்திருக்கிற நேரத்தில் எந்த வரியை விடுவது, எந்த வரியை வாசிப்பது என்று யோசிக்க முடியாது. "இதை அவர்கள் இருவருக்கும் சொல்லவேண்டாம்" என்ற வரியையும் சேர்த்து வாசித்துவிட்டேன். பொழுதுபடுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் சீவரத்தினம் அண்ணர் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, நான் லண்டன் ரீவியிலை வாறனாமே?"

"அது முயல் அண்ணை."

"முயலெண்டால் என்ன? பேர் என்ரை பேர்தானே?"

"பேர் இவர் வைச்சது."

"படிச்ச மனுசன். சும்மா வைப்பாரோ?" தன் சேட்டின் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்ன உடுப்புப் போட்டிருக்கிறன்?"

"நீலச் சேட்டு எண்டு எழுதியிருக்கிறார்."

மறுநாள் சங்கக்கடையை நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் திறந்தார். சிவபாக்கியம் அக்கா என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. பிறகு கிணற்றடியில் வைத்து, "முட்டையாவது இடுறனோ எண்டு உன்ரை மனுசனைக் கேட்டு எழுது" என்றா.

அது வெறும் பொம்மை, பெயர் மட்டும்தான் இவர் வைத்தது என்று நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த, அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். சீவரத்தினம் அண்ணர் ஒன்று சொன்னார். "சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கை வெளிநாட்டு ரீவிக்காரர் வந்து எங்களைப் படம் பிடிச்சவங்கள். அதிலை ஒருத்தருக்கும் பேரில்லை. இதிலை பேராவது இருக்கு." அதற்குப் பிறகு நான் விளங்கப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அந்த முயலுக்குப் பெண்சாதி இல்லையா? இருந்தால் எங்கே இருக்கிறா? எல்லாருடைய வீட்டுக்கும் கடிதம் கொண்டுபோகிறவர் தன்னுடைய வீட்டுக்கு ஏன் போவதில்லை?

நான் கேட்டது வேறு. நீங்கள் வாறீங்களா, இல்லை எங்களைக் கூப்பிடுறீங்களா? "பிறகு எழுதுகிறேன்" என்ற வரியை மட்டும் பிள்ளைகளுக்கு வாசிக்கவில்லை. அந்த வரி எனக்குப் பாடம்.

கிறேஸ்


ஈஸ்ட் ஹாம்
2 நவம்பர் 2012

அன்பின் கிறேஸ், டிலோ இருவருக்கும்,

சீவரத்தினம் அண்ணரின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. நல்ல காலம், விழிக்க முடியாத தூரத்தில் இருக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்: இந்த நாட்டுச் சிறுவர் நிகழ்ச்சிகளில் பெண்சாதிமார் இருப்பதில்லை. முயல் தனியாக இருப்பார். வெளிச்சவீட்டுக்காரரும் தனி. கோழிக்கும் துணை இல்லை, ஆனபடியால் முட்டையும் இல்லை. சிவபாக்கியம் அக்காவுக்குப் பக்குவமாகச் சொல்லவும். எல்லாரும் ஒரு பட்டினத்தில் தனித்தனியாகச் சந்தோஷமாக இருப்பார்கள். லண்டனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்கிற நிகழ்ச்சி இது ஒன்றுதான்.

ஒரு செய்தி. டிசெம்பரோடு முதலாம் அலைவரிசையில் சிறுவர் நிகழ்ச்சிகளை நிறுத்தப்போகிறார்கள். பத்திரிகையில் வந்திருக்கிறது. காசுக்கு விளம்பரம் போடும் அலைவரிசைகள் இதை முந்தியே கைவிட்டுவிட்டன. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு இனிப்புப் பண்டங்களின் விளம்பரம் போடக்கூடாது என்று சட்டம் வந்ததாம். இனிப்பு விற்கமுடியாத பிள்ளைக்கு முயல் காட்டி என்ன பயன் என்று யோசித்திருக்கிறார்கள். முதலாம் அலைவரிசைக்கு விளம்பரமே இல்லை. அங்கே காரணம் வேறு. பிள்ளைகளின் நன்மைக்காகச் செய்கிறார்களாம்.

பிள்ளைகளுக்கென்று தனியான அலைவரிசை இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகிறார்கள். அங்கே நாள் முழுக்க நிகழ்ச்சி, எல்லா வசதியும் உண்டு. முன்பு குடியிருந்த இடத்தை மட்டும் கேட்கக்கூடாது. உமக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தனி அலைவரிசையில் பார்க்கலாமே என்று கேட்பீர். முதலாம் அலைவரிசையில் முயல் தன்பாட்டில் வரும். நான் கதிரையில் என்பாட்டில் இருப்பேன். சமைக்கிறவன் சமைப்பான், சீப்பால் தலை இழுக்கிறவன் இழுப்பான், எல்லாரும் ஒரு கண்ணால் பார்ப்பார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ரிமோட்டை எடுத்து, எண்ணை அழுத்தி, ஒரு முயலைத் தேடிப்போவது வேறு விஷயம். முப்பத்தொன்பது வயது ஆம்பிளை அதை ஆறு பேருக்கு முன்னால் செய்யமுடியாது.

வழக்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எழுத வேறு ஒன்றுமில்லை.

அலெக்ஸாண்டர்


இலுப்பைக்கடவை
25 நவம்பர் 2012

அன்பின் டிலோவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் பிள்ளைகள் எழும்பிப் போய்விட்டார்கள். சீவரத்தினம் அண்ணர் போகவில்லை. பாயின் ஓரத்தில் இருந்து முழுவதையும் கேட்டவர்.

"என்னை நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"உங்களை இல்லை அண்ணை. எல்லாரையும்தான்."

"நான் என்ன பிழை விட்டனான்?"

அவருக்கு இப்படியான கேள்விக்கு இதுவரை ஒருவரும் மறுமொழி சொன்னதில்லைதானே. ஆனபடியால் மனம் உடையவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டிவிட்டார். கிணறு கேட்டு அரசாங்கத்துக்கு மகஜர் எழுதினோம், கக்கூசுக்கு எழுதினோம், கூரைத் தகரத்துக்கு எழுதினோம், சைக்கிளுக்கும் எழுதினோம். இதற்கும் எழுதியாகிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் இங்கிலிஷில் மாற்றி அந்தத் தொலைக்காட்சிக் கந்தோரில் நேரே கொடுக்கவேண்டுமாம். தபாலில் போட்டால் கச்சேரியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும் என்கிறார்.

"மேற்படி முயல் கடந்த ஒரு வருடகாலமாக எமது மீள்குடியேறிய சிறார்களுக்குத் தன்னலமற்ற சேவையாற்றி வருகின்றது" என்று தொடங்குகிறது. கடைசிப் பந்தியை நான் வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. "அத்துடன் எமது குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசும் உடைந்துள்ளதால் வயலுக்குத் தண்ணீர் நிற்பதில்லை என்பதையும் தயவுடன் அறியத்தருகிறோம்." மகஜர் போகிற இடத்துக்கு எல்லாம் துருசும் போகவேண்டும், எங்கே தட்டுப்படும் என்று சொல்லமுடியாது என்றார்.

பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். முயலின் பெண்சாதியை ரீவியில் காட்டாமல் விடலாம். ஆனால் இருக்கிறா என்றாவது ஒரு வார்த்தை சொல்லலாம்தானே என்று.

கிறேஸ்


ஈஸ்ட் ஹாம்
23 டிசெம்பர் 2012

அன்பின் கிறேஸ், டிலோ இருவருக்கும்,

மகஜரைக் கொடுத்தாயிற்று. என் ஆங்கிலத்தில் அது இவ்வளவுதான் வந்தது: "தயவுசெய்து முயலைத் திருப்பித் தாருங்கள். எங்கள் பிள்ளைகள் கவலையாக இருக்கிறார்கள். எங்கள் குளம் உடைந்துவிட்டது." வாசலில் இருந்த பெண் இரண்டுதரம் வாசித்தாள். அவளுடைய கண் கலங்கியது என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர். கலங்கவில்லை. குளம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பிறகு ஒரு அச்சடித்த அட்டையைத் தந்தாள். கருத்துக்கு நன்றி, உங்கள் பிள்ளைகள் இனிமேல் தங்களுக்கே உரிய அலைவரிசையில் மகிழலாம் என்று போட்டிருந்தது. சீவரத்தினம் அண்ணரிடம் அட்டையைக் காட்டும். முத்திரை பதித்திருக்கிறது, அவருக்குப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். தற்செயலாக என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். முயல் வழக்கம் போலக் கடிதங்களைப் பிரித்தார், வழக்கம் போலத் தபால் கந்தோரைப் பூட்டினார், வழக்கம் போல "பிறகு சந்திப்போம்" என்று கையை ஆட்டினார். அது கடைசித்தரம் என்று முயலுக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. அடுத்ததாகப் பழைய கதிரை மேசைகளுக்கு விலை மதிக்கும் நிகழ்ச்சி தொடங்கியது. பெரியவர்களுக்கானது.

சாஹுல் ஹமீட் சொன்னான்: "உங்கட ஆளை இடத்த விட்டு எழுப்பிட்டாங்க மாஸ்டர். பரவாயில்ல, நல்ல தவணை குடுத்திருக்காங்க. எங்களுக்கு இவ்வளவு தரல்ல." தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் என்று ஊரோடு வெளியேற்றப்பட்டவன். அவனுக்கு இப்படிப் பேச உரிமை உண்டு. நான் தேத்தண்ணி போடப் போனேன்.

இனி எழுத என்னிடம் கதை இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும். இருவருக்கும் நத்தார் வாழ்த்து.

அலெக்ஸாண்டர்


இலுப்பைக்கடவை
27 சனவரி 2013

டிலோவின் அப்பாவுக்கு,

கதை இல்லாவிட்டால் கடிதமும் இல்லையா? வருடம் பிறந்து ஒரு வரி வரவில்லை. தொலைபேசியில் "லைன் கிளியர் இல்லை" என்று வைத்துவிட்டீர்கள். லைன் கிளியராகத்தான் இருந்தது. நான் சந்திவரை நடந்து போய் நின்று கதைத்தேன்.

அலுமாரியில் இருந்த உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். அந்த முயலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். எந்தக் காது கொஞ்சம் சரிந்தது, இடி இடித்தால் எங்கே ஒளிக்கும், முட்டைக்கோவாவை எப்படி வெட்டும் என்று தெரியும். உங்களைப் பற்றி "நலம்" என்ற ஒரு சொல். அதுவும் பாதி பகிடி.

முயலை அலைவரிசை மாற்றினது வெள்ளைக்காரன். நீங்கள் ஏன் என்னோடு கோபிக்கிறீர்கள்?

கிறேஸ்


ஈஸ்ட் ஹாம்
17 பெப்ரவரி 2013

அன்பின் கிறேஸ், டிலோ இருவருக்கும்,

கோபம் இல்லை. நல்ல செய்தி. சாஹுல் ஹமீட் தனி அலைவரிசையைத் தேடிப் பிடித்துவிட்டான். முயல் அங்கே சுகமாக இருக்கிறார். கதை தொடர்கிறது. பாயைப் போடும்.

டிலோ, இந்தக் கிழமை முயல் கடற்கரையால் நடந்து போனார். நல்ல மத்தியானம். மணல் சுட்டது. ஒரு நிழலில் இருந்து மற்ற நிழலுக்குப் பாய்ந்து பாய்ந்து போனார். தபால் பையைத் தலையில் பிடித்துக்கொண்டார். தார் றோட்டு கடலைத் தொட்டுக்கொண்டு போகிற இடத்தில் ஒரு பாலைமரம் நின்றது. அதற்குக் கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்தார். பஸ் வந்தது. முயல் ஏறவில்லை. தான் எங்கே போகவேண்டும் என்பது பைக்குள் இருந்த கடிதத்தில் எழுதியிருந்தது. அது மற்றவர்களுடைய கடிதம் என்று நினைத்து இவ்வளவு காலமும் பிரிக்கவில்லை. பஸ் போய்விட்டது. பிறகு இன்னொன்று வரும்.

மிகுதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அலெக்ஸாண்டர்


இலுப்பைக்கடவை
10 மார்ச் 2013

அன்பின் அத்தானுக்கு,

லண்டனில் எங்கே சுடுமணல்? பாலைமரத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான். நான் நேற்றும் அங்கே நின்றேன். இது ரீவியில் வந்த கதை இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டாவது வரி காணும்.

நீங்கள் சோடித்து எழுதியிருக்கிறீர்கள். நானும் கொஞ்சக் காலமாகச் சோடித்துத்தான் எழுதினேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாயில் பிள்ளைகள் இல்லை. நத்தாருக்கு முன்னரே கரண்ட் வந்துவிட்டது. சீவரத்தினம் அண்ணர் சங்கக்கடையில் ரீவி வாங்கி வைத்திருக்கிறார். நாலு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான், இந்தியாக்காரரின் கார்ட்டூனுக்கு முன்னால். டிலோவும் போகிறாள். அண்ணர் நீலச் சேட்டோடு நின்று ஒவ்வொரு அலைவரிசையாக மாற்றி மாற்றித் தன்னைத் தேடுகிறார். பிள்ளைகள் கத்துகிறார்கள். "பொறுங்கோடா, இதிலை இல்லையெண்டால் அடுத்ததிலை வருவன்" என்கிறார்.

நான் வாசலில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பாயைப் போட்டு உங்கள் கடிதத்தை வாசிக்கிறேன். வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். சிவபாக்கியம் அக்கா வேலிக்கு அங்கால் இருந்து, "ஆருக்கடி வாசிக்கிறாய்?" என்று கேட்டா. எனக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "செபம் சொல்லுறன்" என்றேன். அவ சைவ சமயக்காரி, எங்கள் வேதச் செபம் அவவுக்குத் தெரியாது. நம்பிவிட்டா.

முயலுக்குப் பெண்சாதி இருக்கிறாவா என்று கேட்டது பிள்ளைகள் இல்லை. ஒருநாளும் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அது எதற்கு?

டிலோவிடம் கேட்டேன், அப்பாவின் கதையை விட்டுவிட்டு ஏன் போகிறாய் என்று. "முயல் என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியும் அம்மா. அப்பா நாலு மணிக்கு என்ன செய்யிறவர்?" என்றாள். தெரியாது என்றேன். அவள் போய்விட்டாள்.

வாறதெண்டால் வாங்கோ. கூப்பிடுறதெண்டால் கூப்பிடுங்கோ. இரண்டும் இல்லையெண்டால் அதையும் எழுதுங்கோ. இங்கே வந்தால் ஆமிக்காரர் பிடிப்பார்களா விடுவார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வந்த சிலர் வயல் செய்கிறார்கள். சிலரைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. ஆனபடியால் வாருங்கோ என்று நான் இழுக்கமாட்டேன். மறுமொழி வேண்டும். முயலை விட்டுவிட்டு எழுதுங்கோ.

உங்கள்,
கிறேஸ்


ஈஸ்ட் ஹாம்
7 ஏப்ரல் 2013

என் கிறேஸ்,

நாலு மணிக்கு நான் கதிரையில் இருக்கிறேன். தொலைக்காட்சி நிறுத்தியிருக்கும். கறுப்புக் கண்ணாடியில் ஒரு கதிரையும் ஒரு ஆளும் தெரியும். ஆள் கொஞ்சம் வழுக்கை. உமக்கு எழுதியிருக்கவில்லை. இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். நித்திரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வராது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன். டிலோவுக்குச் சொல்லும், அப்பா நாலு மணிக்கு இதைத்தான் செய்கிறவர்.

முயலைப் பற்றி எழுதினால் உம்முடைய கேள்விக்கு மறுமொழி எழுத இடம் மிஞ்சாது. அதற்காகத்தான் கடதாசி நிறைய எழுதினேன். அலைவரிசைக்காரர் முயலைத் தூக்கின உடனே கடதாசி வெறுமையாகிவிட்டது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை வழக்கறிஞரிடம் போனேன். எங்கள் வழக்கு ஒருவேளை அடுத்த வருடம் எடுபடலாம், ஒருவேளை வெல்லலாம், வென்றால் ஒருவேளை உங்களைக் கூப்பிடலாம் என்றார். நல்ல மனுசி. பொய் சொல்லத் தெரியாதபடியால் ஒருவேளை சொல்கிறார். வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். காரணம் எழுதவேண்டும், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றார். ஆபத்து, பொருளாதாரம், மாறிய நிலைமை என்று பெரிய ஆங்கிலத்தில் சொல்ல யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. பழகின ஆங்கிலம்தான் வந்தது. "நான் வீட்டுக்குப் போகவேண்டும்" என்றேன். அந்த நிகழ்ச்சியில் மழைக்குள் மாட்டுப்பட்ட வாத்துக்குஞ்சுகள் முயலிடம் சொல்கிற அதே வசனம். அவர் திருத்தவில்லை. அப்படியே எழுதினார்.

வாறன். டிக்கட் யூலை கடைசிக்கு. ஆவணி மடு மாதா கோயில் திருநாளுக்கு மூன்று பேருமாகப் போகலாம். விமானநிலையத்தில் விசாரிப்பார்கள். ஏழு வருடம் லண்டனில் என்ன செய்தாய் என்று கேட்டால் முயல் பார்த்தேன் என்று சொல்வேன். கேட்கிறவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அரைவாசி நம்புவார். பயம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், நலம் என்று முடிக்காமல்.

இனி, நீர் கேட்டதற்கு மறுமொழி. முயலுக்குப் பெண்சாதி இருக்கிறா. தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு, அதற்கு அங்கால் வீடு. ஒரு நாளும் கமரா அந்தக் கதவால் போனதில்லை. எழுதினவன் விடவில்லை. அந்தக் கதவைத் திறந்தால் முயல் திரும்பித் தபால் கந்தோருக்கு வராது என்று அவனுக்குத் தெரியும்.

உம்முடைய,
அலெக்ஸ்


இலுப்பைக்கடவை
30 ஏப்ரல் 2013

அன்பின் அத்தான்,

கடிதம் கிடைத்தது. டிலோவுக்கு வாசித்துக் காட்டினேன். கதவு வருகிற இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன்.

பல் பிடுங்கினதைக் கேட்டு, "எந்தப் பல்?" என்று கேட்டாள். இரண்டாவது தரமும் அந்த வரியை வாசிக்கச் சொன்னாள். நீங்கள் வருகிற அன்றைக்குச் சந்திக்கு வருவாளாம். "கதைக்கமாட்டன். ஆனா வாறன்" என்கிறாள். நீங்களும் உடனே கேள்வி கேட்டுப்போடாதேங்கோ. பக்கத்தில் நடந்து வாங்கோ, காணும்.

சீவரத்தினம் அண்ணருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீலச் சேட்டோடு விமானநிலையத்துக்கே வந்துவிடுவார். துருசைத் திருத்த ஆட்கள் வந்திருக்கிறார்கள். எந்த மகஜர் தட்டுப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் மட்டும் அந்த முத்திரை பதித்த அட்டையைச் சட்டம் போட்டுக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்.

மன்னாரில் இறங்கினால் இலுப்பைக்கடவை பஸ் கேட்டு ஏறுங்கோ. றோட்டு இப்போது நல்ல றோட்டு, நீங்கள் நினைக்கிறதற்கு முன்னம் வந்துவிடும். பாலைமரத்தடியில் இறங்குங்கோ.

பெரிய பாயைக் கோயில் பாலர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். சின்னப் பாய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது நாலு மணிக்கு விரிக்கிற பாய் இல்லை.

கிறேஸ்